ஏழாவது பீப்பாய்

முதல் பக்கம் (மே 17, சனிக்கிழமை எழுதியது)

நடந்தது அத்தனையும் எனக்கு முன்கூட்டியே தெரியும். பின்னால் யாரும் இதை மறுத்துப் பேசக் கூடாது என்பதற்காகத்தான் நாட்குறிப்பின் முதல் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு இன்று நிரப்புகிறேன். என் அக்கா மகள் மேகலாவுக்கு ஒரு சோதனை வரும், ஸ்பெயின் தேசத்து முதலாளியம்மா என்னைப் பார்த்து வாயடைத்து நிற்பார், ஏழாவது பீப்பாயில்தான் விஷயம் இருக்கும் என்று போடியில் பஸ் ஏறும்போதே எனக்குப் பட்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் நம்புகிற ஊரா அது?

எழுதுபவர்: பவுன்ராஜ், போடிநாயக்கனூர். ஏலக்காய்த் தொழிலில் முப்பது வருட விற்பன்னர். படிப்பு ஒன்பதாவது. ஆனால் அந்தக் காலத்து ஒன்பதாவது. ஊர் திரும்பியதும் அக்கா வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் எல்லாரையும் உட்கார வைத்து உரக்க வாசிப்பதற்காக எழுதப்பட்டது.

மே 3, சனி

வந்து சேர்ந்தேன். கடலுக்கு மேலே விமானம் ரொம்ப ஆடியது. நான் ஓட்டுநரைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னேன். அப்புறம் ஆடவில்லை.

மேகலா விமான நிலையத்துக்கே வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். அங்கிருந்து பேருந்தில் ஆரோ என்கிற ஊருக்கு இரண்டு மணி நேரம். ஸ்பெயினில் ரியோஹா என்று ஒரு வட்டாரம், திராட்சைக்குப் பேர்போனது. அதில் இருக்கிறது இந்த ஊர்.

வழியில் ஒரு சங்கடம். அக்கா என் பெட்டிக்குள் வைத்த பெருங்காய டப்பா எங்கேயோ வாய் பிளந்துவிட்டது. பேருந்தில் எனக்கு முன்வரிசை, பின்வரிசை, பக்கத்து வரிசை எல்லாம் எழுந்து கடைசி இருக்கைகளுக்குப் போய்விட்டார்கள். ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி, நடுவழிவரை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். மேகலா மட்டும் என் தோளோடு தோளாக உட்கார்ந்துகொண்டு, "ஏன் மாமா எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க?" என்றாள்.

என்ன வளர்ப்பு! மாமன் மனசு நோகக் கூடாதென்று ஒன்றுமே தெரியாத மாதிரி கேட்கிறது பிள்ளை.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். செல்வமணி அக்கா, மச்சான் போன பிறகு மேகலாவை ஒற்றை ஆளாக வளர்த்தவள். வழியனுப்பும்போது சொன்னாள்: "நாலு வருசமாச்சுடா. படிக்கப் போறேன்னு போனா, இப்ப சாராயம் காய்ச்சுற எடத்துல வேலைங்கறா. நேர்ல போய்ப் பாரு. சொந்தக் கால்ல நல்லா நிக்கறான்னா இருந்துட்டுப் போகட்டும். தட்டுத் தடுமாறிக்கிட்டுக் கெடக்கான்னா கையோட கூட்டிட்டு வந்துரு. தேனியில மாப்பிள்ள வீட்டுக்காரங்க பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. நீ சொல்றதுதான் முடிவு."

குடும்பத்தில் முடிவெடுக்க என்னை விட்டால் ஆள் ஏது? இருபதாம் தேதி திரும்ப இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறது. ஒன்று எனக்கு. இன்னொன்றில் மேகலா பேர்.

மே 4, ஞாயிறு

காலையில் பால் தீய்ந்து பாத்திரம் கருகி, வாடை மாடிப்படிவரை வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. மேகலா அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வேலை நினைப்பு. பொறுப்பான பெண்களுக்கு இப்படித்தான் ஆகும்.

மே 5, திங்கள்

இன்று நிலவறை பார்த்தேன். இதை நிதானமாக எழுத வேண்டும்.

இவள் வேலை பார்க்கிற மாதிரி ஒயின் தயாரிக்கிற இடத்துக்கு இங்கே பொதேகா என்று பேர். மேலே பார்த்தால் சாதாரணக் கல் கட்டடம். உள்ளே படி இறங்கினால் பூமிக்குள் ஒரு ஊரே இருக்கிறது. குளிர் முகத்தில் அறைகிறது. இரண்டு பக்கமும் ஓக் மரப் பீப்பாய்கள் படுத்துக் கிடக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்றாக. போடியிலிருந்து தேனி வரைக்கும் நீளும். ("நானூறு அடி மாமா" என்கிறாள் மேகலா. இருட்டில் அளந்தவர் யார்?)

இங்கே கவனித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், ஒருவருக்கும் அவசரம் இல்லை. திராட்சையைப் பிழிந்து, புளிக்க வைத்து, இந்தப் பீப்பாயில் ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஆறு ஏழு வருடம். நடுவில் அரை வருடத்துக்கு ஒருமுறை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மெள்ள இறக்குகிறார்கள். அப்போது ஒரு கண்ணாடி கிளாஸுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். ஒயின் தெளிவாக வருகிறவரைக்கும் விடுவார். லேசாகக் கலங்கல் தட்டியதும் நிறுத்திவிடுவார். கீழே தங்கிய வண்டல் வேண்டாம். மோட்டார் கிடையாது, மீட்டர் கிடையாது, ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு கண்ணும்தான். அப்புறம் பாட்டிலில் அடைத்து இன்னும் பல வருடம். இவர்களுக்கு முன்னால் நாமெல்லாம் தோசை மாவு பொங்குவதற்குள் பத்து தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஜனங்கள்.

பாட்டில் அடுக்குகளில் சிலந்தி வலை போர்வை மாதிரி தொங்குகிறது. தட்டவே மாட்டார்களாம். தக்கையைத் துளைக்கிற பூச்சியைச் சிலந்தி பிடித்துத் தின்றுவிடுமாம். என் வீட்டில் ஒட்டடை அடிக்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று அக்காவிடம் சொல்ல வேண்டும்.

நிலவறைக்குப் பொறுப்பாளர் ஃபெர்மின் என்பவர். வட்டத் தொப்பி, தொப்பை. என் வயதுதான், பார்வைக்கு என்னைவிடக் கிழவர். நான் என்ன தொழில் என்று கேட்டார்.

"சொல்லு தாயி. இந்தியாவுல ஏலக்காய மோந்து பாத்து வெல வைக்கிற மொத ஆளு மாமாதான்னு சொல்லு."

"மாமா, நீங்க கடையில மூடை தைக்கறதுக்கு ஆள் விடுறவருதான?"

"மூடை தைக்கறப்ப வாசம் வராதா? சொல்லு."

சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாகவே சொன்னாள். ஃபெர்மின் தொப்பியைக் கழற்றினார். எங்கள் ரத்தம் அல்லவா!

பிறகு ஒரு பாட்டிலைத் திறந்தார். இருபத்து நாலு வருடத்து ஒயின். சிவப்பு என்று நினைத்தேன், ஆனால் ஊற்றியபோது சூளையிலிருந்து எடுத்த செங்கல் நிறம், ஓரத்தில் ஆரஞ்சு. நான் கம்பம் திராட்சையில் வளர்ந்தவன். திராட்சை என்றால் தித்திப்பு என்று இருந்தேன். இதில் தித்திப்பே இல்லை. முதலில் பாக்குத் துவர்ப்பு. அது போனதும் காய்ந்த அத்திப்பழம். அப்புறம் எங்கிருந்தோ ஒரு வாசம் எழுந்து வந்தது. எனக்குத் தெரிந்த வாசம். எண்ணெய்ச் செக்குக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

"கொப்பரை," என்றேன்.

மேகலா சிரித்தாள். ஃபெர்மின் என்னவென்று கேட்டார். அவள் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். அமெரிக்காவிலிருந்து வருகிற ஓக் மரம்தான் அந்தத் தேங்காய் வாசத்தைக் கொடுக்கிறதாம், முதல் தடவையிலேயே அதைப் பிடிப்பவர்கள் குறைவாம். குறைவு என்றால் என்ன, ஒருவரும் இல்லை என்றுதான் அவர் சொல்லியிருப்பார். மேகலா மொழிபெயர்ப்பில் சுருக்கிவிட்டாள்.

விழுங்கிய பிறகும் போகவில்லை அந்தச் சுவை. படியேறி வெளியே வெயிலுக்கு வந்த பிறகும் நாக்கின் அடியில் உட்கார்ந்திருந்தது. நல்ல விருந்தாளி மாதிரி, எழுந்து போகத் தெரியாமல் இல்லை, போகிற அவசரம் இல்லாமல்.

ஒன்று கவனித்தேன். கிளாஸை மேகலா நெடுநேரம் மூக்கில் வைத்திருந்தாள். ஆனால் ஃபெர்மின் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னாள். பெரியவர்களிடம் மரியாதை.

மே 6, செவ்வாய்

கொப்பரை விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக் கடைக்காரம்மா என்னைப் பார்த்துக் கை அசைத்தார். எல்லாருக்கும் அசைக்கிறார்தான். எனக்கு அசைத்தது வேறு மாதிரி இருந்தது.

மே 8, வியாழன்

இன்று நடந்ததைக் கூடத்தில் வாசிப்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்வேன்.

மேகலா தினமும் காலையில் சன்னல் விளிம்பில் இருக்கிற நாலு சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பாள். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம். சாமி கும்பிடுகிற மாதிரி அமைதியாகச் செய்வாள். தொழிலுக்கான பயிற்சி என்று நினைத்தேன். இன்று அவள் குளிக்கும்போது நான் எடுத்துப் பார்த்ததில் ரோஜாக் குப்பி கை தவறிக் கொட்டிவிட்டது. கழுவி, தண்ணீர் ஊற்றி அதே இடத்தில் வைத்துவிட்டேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று.

வந்தாள். கிராம்பை முகர்ந்தாள். எலுமிச்சையை முகர்ந்தாள். தண்ணீரையும் முகர்ந்தாள், மற்றதைப் போலவே, அதே நேரம், அதே பொறுமையோடு.

நான் எழுந்து அவள் பக்கத்தில் போனேன்.

"தாயி, அதுல வெறும் தண்ணிதான் இருக்கு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே குப்பியை மூடினாள்.

"தெரியும் மாமா. அதாவது, தெரியாது. எல்லாமே எனக்குத் தண்ணிதான்."

சனவரியில் காய்ச்சல் வந்ததாம். பத்து நாளில் காய்ச்சல் போனது, கூடவே வாசமும் போய்விட்டது. மருத்துவர் திரும்ப வரும் என்கிறாராம். எப்போது என்று சொல்லத் தெரியவில்லையாம். மூக்கை மறுபடி பழக்குவதற்குத்தான் இந்தக் குப்பிகள்.

"வேலை பாக்கற எடத்துல?"

"யாருக்கும் தெரியாது. ஃபெர்மின் முகத்தப் பாத்தே ஓட்டிக்கிட்டிருக்கேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க மாமா. கையக் காலக் கட்டித் தூக்கிட்டுப் போயிரும்."

பெருங்காயம், பால் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. முதல் நாளே எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னேன். பிள்ளை தனியாக இருந்து கஷ்டப்பட்டோமே என்று நினைக்கக் கூடாது அல்லவா.

"தெரிஞ்சா ஏன் மாமா சொல்லல?"

"நீயாச் சொல்லட்டும்னு பாத்தேன்."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் சன்னல் வழியாகத் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தேன். நம் பக்கம் மாதிரிப் பந்தல் கிடையாது, கொடி முழங்கால் உயரம்தான். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

மே 9, வெள்ளி

வேலையில் அவளுக்கு ஒரு சோதனை வைக்கப் போகிறார்களாம், அது என்னவென்று இன்று விளக்கினாள். அடுத்த வெள்ளிக்கிழமை. நிலவறையின் ஒரு வரிசையில் எட்டுப் பீப்பாய்கள், எல்லாம் ஒரே வருடத்து ஒயின், ஏழு வருடம் காத்திருந்தது. அவற்றை ஒன்றாகக் கலந்து பாட்டிலில் அடைக்கப் போகிறார்கள். எட்டில் ஒன்று காடியாகி, அதாவது வினிகராகப் புளித்துப் போயிருந்தால், கலந்த அத்தனையும் கெடும். முதலாளியம்மாவும் ஃபெர்மினும் முன்னாலேயே ருசி பார்த்து முடிவை மனசில் வைத்திருப்பார்கள். மேகலா வரிசையாகப் போய், ஒவ்வொரு பீப்பாய் முகப்பிலும் சுண்ணக்கட்டியால் குறி போட வேண்டும். நல்லதென்றால் ஒரு கோடு, கெட்டதென்றால் குறுக்குக் கோடு. சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சூன் மாதத்தோடு வேலையும் போகும், விசாவும் போகும்.

"போய் உண்மையச் சொல்லிடலாம்னு இருக்கேன் மாமா."

"சொல்லு. ஆனா சோதன முடிஞ்சப்புறம் சொல்லு. மாமா கூட வர்றேன். நான் குடிச்சுப் பாத்துத் தமிழ்ல சொல்றேன். அங்க யாருக்குத் தமிழ் தெரியும்?"

"அது ஏமாத்து மாமா."

"கூட்டு முயற்சி."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

சமையலறையில் ஒத்திகை. ஐந்து பாட்டில் வாங்கி வைத்தாள். நான் குடித்துச் சொல்ல வேண்டும், அவள் அதை ஸ்பானிய பாஷையில் ஒயின்காரர்கள் பேசுகிற மாதிரி மாற்ற வேண்டும்.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா பத்தாது. எது மாதிரி?"

யோசித்தேன். "மழைக்காலத்துல எஸ்டேட்டுக்குப் போற ஜீப்புல தார்ப்பாய இழுத்துக் கட்டிக்கிட்டு பதினாறு பேரு நெருக்கி உக்காந்துருப்போம்ல, அந்த வாடை."

அவள் ஸ்பானியத்தில் ஏதோ சொல்லி, தமிழிலும் சொன்னாள்: "ஈர மண், பழைய தோல், காட்டு மூலிகை."

"அதேதான். அடுத்தது பென்சில் சீவுன தூளு. ஸ்கூல் பையோட அடியில கெடக்கும் பாரு."

"மரத்தூள் வாசம். அருமை மாமா. இன்னொன்னு?"

"புதுச் செருப்புக் கடை. கடைக்காரன் வெத்தல போட்டுருக்கான்."

அவள் மேசையில் தலைவைத்துச் சிரித்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. அவளும் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து, நெடுநேரம் உருட்டி, கண்ணை மூடி நாக்கால் எதையோ தேடினாள். நான் சொல்வதைக் கேட்கிறாளா என்றே சந்தேகமாக இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை. ருசி பார்த்துவிட்டுத் துப்ப வேண்டுமாம். அதற்கென்று ஒரு வாளியே வைத்திருக்கிறார்கள்.

"வாயில வச்சதத் துப்பறதா? ஒரு மனுசன் ஏழு வருசம் காத்துக்கிட்டிருந்தத?"

"எட்டுப் பீப்பாய் மாமா. விழுங்குனா தாங்க மாட்டீங்க."

என்னைப் பற்றி இவளுக்குத் தெரியாது.

மே 13, செவ்வாய்

மழை. அக்கா போன் செய்தாள். மேகலா நல்லா இருக்காளா என்றாள். ராணி மாதிரி இருக்கிறாள் என்றேன். "ராணி கதையெல்லாம் வேணாம்டா, சொந்தக் கால்ல நிக்கறாளா?" என்றாள். மழையில் சத்தம் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

வெற்றி!

காலை பதினொரு மணிக்கு இறங்கினோம். முதலாளியம்மா கொன்சுவேலோ கறுப்புக் கோட்டுப் போட்டு நின்றார். மெலிந்த உருவம், வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருக்கிறார். இந்தியாவின் முதல் ஏலக்காய் நிபுணர் சும்மா கூட வரட்டும் என்று சம்மதித்துவிட்டாராம்.

ஃபெர்மின் முதல் பீப்பாயின் முகப்பில் இருந்த சின்ன மரமுளையைத் தளர்த்தினார். நூல் மாதிரி ஒயின் வந்து கிளாஸில் விழுந்தது. மேகலா ருசி பார்த்து வாளியில் துப்பிவிட்டு, கிளாஸை என்னிடம் நீட்டினாள். அங்கேதான் சிக்கல். ஒரே கிளாஸ். அவள் வாய் வைத்தது. எங்கள் வீட்டில் சொம்பாக இருந்தாலும் டம்ளராக இருந்தாலும் எச்சில் படாமல்தான் குடிப்போம். அதனால் அண்ணாந்து, கிளாஸை ஒரு சாண் மேலே தூக்கி, கோடு மாதிரி வாயில் ஊற்றினேன். சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை.

நிலவறையே உறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஒயினை முகர்ந்து பார்க்காமல் ஊற்றிக்கொள்கிறானே என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. மேகலா சட்டென்று ஏதோ சொன்னாள். கொன்சுவேலோ அம்மா புருவத்தைத் தூக்கினார், பிறகு சத்தமாகச் சிரித்தார். பிறகு கேட்டதில், "காற்றுப் படும்படி ஊற்றினால்தான் ஒயின் விரியும், அது எங்கள் பக்கத்து முறை" என்று சொன்னாளாம். இந்த நாட்டிலும் மூக்கு வைத்த கண்ணாடிச் சொம்பிலிருந்து இப்படி அண்ணாந்து குடிப்பது உண்டாம், ஆனால் அது வயலில் குடிக்கிற மலிவு ஒயினுக்காம். உயர்ந்த ஒயினுக்கும் அந்த மரியாதையைச் செய்த முதல் மனிதன் நான்.

ஒவ்வொரு பீப்பாயாக நகர்ந்தோம். எல்லாம் ஒரே வருடத்து ஒயின்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். இரண்டாவது கூச்சம். மூன்றாவதில் கொப்பரை. நான்காவது பேச்சே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிற சினேகிதன் மாதிரி. ஐந்தாவதும் ஆறாவதும் மிகவும் நல்லவை, விவரம் இப்போது ஞாபகம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தமிழில் சொன்னேன், மேகலா கோடு போட்டாள்.

ஏழாவது பீப்பாய். அவள் வாயில் வைத்தாள், துப்பினாள், என்னிடம் கொடுத்தாள். நான் ஊற்றினேன். உடனே தெரிந்துவிட்டது. முகம் மாறாமல், உதடு அசையாமல், "தாயி, காடி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் உறுதி செய்தேன். சுண்ணக்கட்டியை எடுத்துக் குறுக்குக் கோடு போட்டாள்.

எட்டாவது நல்லது.

கொன்சுவேலோ அம்மா ஏழாவது பீப்பாய்க்குப் போய், அந்தக் குறுக்குக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, ஃபெர்மினைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் மனசில் வைத்திருந்ததும் அதுதான்!

மத்தியானம் விருந்து. காய்ந்த திராட்சைக் கொடிச் சுள்ளியை எரித்து, அந்தத் தணலில் ஆட்டு விலாவைச் சுடுகிறார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் மேகலா எழுந்து நின்றாள். சொல்லிவிட்டாள், சனவரியிலிருந்து மூக்கு இல்லை என்று. எனக்குப் பாஷை புரியாவிட்டாலும் ஃபெர்மின் முள்கரண்டியைக் கீழே வைத்ததில் புரிந்தது. கொன்சுவேலோ அம்மா ரொம்ப நேரம் பேசினார். பேசும்போது நடுநடுவே என்னைக் காட்டினார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் புகழ்ந்தார் என்பது வெளிப்படை. மேகலாவின் கண் கலங்கியது. வேலை நிரந்தரம் என்று மட்டும் என்னிடம் சொன்னாள். மற்றதைக் கேட்டால், "அப்புறம் சொல்றேன் மாமா, மொதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட்ட பிறகு ஒரு தோட்டத்து மரத்தடியில் நான் கொஞ்சம் ஓய்வெடுத்தேன். தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு பேர் கைத்தாங்கலாகத்தான் கூட்டி வந்தார்கள்.

மே 17, சனி

முதல் பக்கத்தை எழுதினேன். அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு போனது, நான் கைகொடுத்தது, ஏழாவது பீப்பாய், என் "காடி". அரை மணி நேரம். மேகலா பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில்கூட மறுத்துப் பேசவில்லை. ஏழாவது பீப்பாய் வரும்போது மட்டும் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

வேலை நிரந்தரம் ஆன பிறகு மூக்கு விஷயத்தைச் சொல்வதில் என்ன தப்பு என்று நினைத்தேன்.

மே 18, ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள். போனை மேசையில் சத்தமாக வைத்திருந்தோம், மேகலாவும் கேட்டாள்.

"ராத்திரி பூராம் யோசிச்சுட்டேன்டா. பாவம், புள்ளைக்கு மூக்கே போயிருச்சு. நீ இருந்த, ஒன் மூக்க வச்சுச் சமாளிச்சுட்டா. நீ செவ்வாக்கெழம கெளம்பி வந்துட்டா அப்புறம் யாரு மூக்கு? ஒவ்வொரு பீப்பாக்கும் ஒன்னய ஏரோப்பிளேன்ல அனுப்ப முடியுமா? கூட்டிட்டு வந்துரு."

"அக்கா, வேலை நெரந்தரம்னு..."

"அது நீ வாங்கிக் குடுத்த வேலைடா. அவ வாங்குனது இல்லையே. நாளைக்கு அவமானப்பட்டு நிக்கறதுக்கு, இன்னைக்கு மானமா வந்துரட்டும். நீதான சொன்ன, நீ 'காடி'ன்னு சொல்லலைன்னா கவுந்துருக்கும்னு?"

சொல்லியிருந்தேன். அப்படியே, அதே வார்த்தையில்.

மேகலா ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஒரு வரி பேசினால் போதும், அக்கா கேட்டிருப்பாள். என்னைப் பார்த்தாள், பிறகு எழுந்து போய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"என்ன தாயி இது?"

"நீங்க சொல்றதுதான முடிவு மாமா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அன்னைக்குச் சாப்பிடறப்ப அந்தம்மா என்ன சொன்னுச்சு? கட்டைவிரல ஆட்டுச்சே."

துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "'ஒன் மாமா நல்லாருக்குன்னு கட்டைவிரல ஆட்டிக்கிட்டு நின்னாரு. மூக்கில்லாத பொண்ணு, கூட இருக்கற ஒரே தொணையும் நல்லதுங்குது, அப்பவும் நீ நாக்க நம்பிக் குறுக்குக் கோடு போட்ட. மூக்கு வரும்போது வரட்டும். எனக்கு அந்தக் கோடுதான் வேணும்'னாங்க."

பிறகு, "நாக்கு ரெண்டு ஓரத்துலயும் குத்துச்சு மாமா. தொண்டையில ஒரு சூடு. வாசமே இல்லைன்னாலும் அது தெரியுது. நாலு மாசமா அதத்தான பழக்கிக்கிட்டிருக்கேன்," என்றாள்.

"நேத்து ஏன் நீ அம்மாகிட்ட சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோசமாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க."

மே 19, திங்கள்

காலையில் நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, மேகலா வரல. இருக்கட்டும். இதான் முடிவு."

"நீ பேசாதடா. நீ இல்லாட்டி..."

"நான் இருந்ததுனாலதான் கவுந்துருக்கும். ஏழாவது பீப்பா காடின்னு நான் சொல்லல. நல்லதுன்னேன். அவதான் கண்டுபிடிச்சா. நான் கட்டைவிரல ஆட்டி ஆட்டிச் சொல்லியும் கேக்காம, எல்லாருக்கும் முன்னாடி, தனியா நின்னு போட்டா அந்தக் கோட்ட. சொந்தக் கால்ல நிக்கறாளான்னு கேட்டியே, எனக்கு எதிராவே நின்னா."



"அப்ப அரை மணி நேரம் எங்கிட்ட அளந்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நெசம்க்கா."

"நீ என்னதான்டா பண்ணின அங்க போயி?"

"குடிச்சேன்க்கா."

மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அவகிட்டப் போனக் குடு," என்றாள். கொடுத்தேன். தாயும் மகளும் பேசட்டும் என்று வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது பெட்டி மறுபடி பரணுக்குப் போயிருந்தது. தேனிக்காரர்களுக்கு அக்காவே பதில் சொல்லிக்கொள்கிறாளாம்.

பதினாறாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். பின்பக்கத்தில் ஆட்டு விலா இருக்கிறது, அது நிஜமாகவே நன்றாக இருந்தது, கிழிக்க மனசு வரவில்லை. அதனால் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காக இங்கேயே எழுதி வைக்கிறேன். ஏழாவது பீப்பாய்க்கு முன்னால் நான் "காடி" என்று சொன்னதாக எழுதியது என் சொந்தச் சரக்கு. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை "அமிர்தம்". இரண்டு தடவை சொன்னேன்.